வெள்ளிக்கிழமை வரும் மாமனார்

"எலே பெருமாளு!"

மாடம்மாளின் வாயிலிருந்து ஆம்பளைக் குரல். செத்துப்போன மாமனார் சொரிமுத்துவின் குரல். அந்தக் கரகர இருமல்கூட அப்படியே!

அன்றும் வெள்ளிக்கிழமை. பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பட்டப்பகலிலேயே மூடுபனி வாசல்வரைக்கும் வந்து நின்றது. வீட்டுக்குள் ஒரே இருட்டு. மூத்த மகள் அஜிதா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். திருவனந்தபுரத்துக் கம்யூனிட்டி காலேஜில் மனநல சேவை படிக்கிறவள்தான். ஆனாலும் பெற்ற தாய் கண்ணை மேலே செருகிக்கொண்டு தாத்தாவாகப் பேசினால் யாருக்குத்தான் குலை நடுங்காது?

அப்பா வன்னியபெருமாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அப்பா! நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

"சின்னவ நீதுவப் படிப்ப நிறுத்தி, சிட்டில வீட்டுவேலைக்கு அனுப்பப் போறியாமே?"

"இல்லப்பா… பத்தாங்கிளாஸ் வரைக்கும் எதுக்குன்னு…"

"திங்கக்கிழமை அவ பள்ளிக்கூடத்துல இருக்கணும். இல்லேன்னா உன்ன என்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன்!"

"அனுப்பிருதேன்ப்பா! சத்தியமா அனுப்பிருதேன்!"

மாடம்மாள் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கித் தொப்பென்று சாய்ந்தாள்.

அஜிதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அப்பா, இது தாத்தாவும் இல்ல, பேயும் இல்ல. அம்மாவுக்குச் சுகமில்ல. நாளைக்கே சிட்டிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டணும்."

"சும்மா கெட! எங்கப்பன எனக்குத் தெரியாதா? சுருட்டு படைக்கணும், மறந்தே போச்சு" என்றபடி அவர் பனிக்குள் கடையைப் பார்த்து ஓடினார்.

அஜிதா அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி, கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"அம்மா, பயப்படாம சொல்லு. உன் காதுல யாரோ பேசுத மாதிரி குரல் கேக்குதா?"

மாடம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"உங்கப்பன் போயாச்சா?"

"போயாச்சு."

எழுந்து உட்கார்ந்து தலைமுடியை அள்ளி முடிந்தாள். குரல் அவளுடைய சொந்தக் குரல்தான்.

"எனக்கு எந்தக் குரலும் கேக்கலட்டீ. என் குரல்தான் உங்கப்பன் காதுல ஏறாது. கெட்டிட்டு வந்த நாள்லேர்ந்து சொல்லிப் பாத்தாச்சு. அவங்கப்பன் சொன்னாத்தான் அந்த மனுசன் அடங்குவாரு."

அஜிதா முகம் துடைத்த துணியைக் கீழே போட்டாள்.

"அப்போ… இவ்வளவும் நடிப்பா?"

"மெல்லப் பேசு! நீது பத்து ஜெயிக்கட்டும், அப்புறம் நீ சொல்லுத எந்த டாக்டர்ட்டயும் வாரேன். அதுவரைக்கும் உங்க தாத்தாவ விரட்டிராத மக்களே."

"இப்பிடி ஏமாத்துறது தப்பில்லியாம்மா?"

மாடம்மாள் மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"உன்ன அந்தக் காலேஜுல சேக்கச் சொல்லி, மூணு வெள்ளிக்கிழமை உங்கப்பன உலுக்கி எடுத்தது வேற யாருன்னு நெனச்ச?"