சுருதி இறங்காத கம்ப்யூட்டர்

சாவித்ரி மேல் ஸ்தாயிக்கு ஏறினாள். பாதி வழியில் குரல் உடைந்தது.

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

கம்ப்யூட்டரில் அவளுடைய இளவயதுக் குரல் மட்டும் அசராமல் பாடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பாடி வெளிவந்த ஒரே இசைத்தட்டு. மகன் வெங்கிடேஷ் லீவு போட்டு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான்.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு சாவித்ரியின் குரல் கனத்துப் போயிருந்தது. பாட்டு சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டாள். போனில் பேசினால் கணவர் ஸ்ரீகண்டன்தான் பேசுகிறாரா என்று கேட்கிறார்கள் என்று போனைக்கூட எடுப்பதில்லை. வலியசாலைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கப் பாடியவள்.

அம்மாவுக்கு மூச்சுதான் பற்றவில்லை, பாட்டை மெதுவாக்கினால் கூடவே பாடிவிடுவாள் என்பது வெங்கிடேஷின் கணக்கு. வேகம் குறையும், சுருதி இம்மியும் இறங்காது என்று காலையிலிருந்து பெருமை பேசி எல்லோர் உயிரையும் வாங்கினான். சொன்னபடியே சுருதி இறங்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

ஸ்ரீகண்டன் பேப்பரை மடித்துவைத்தார். கம்ப்யூட்டரை நிறுத்தச் சொன்னார். பழைய ரெக்கார்டு பிளேயரைத் துடைத்து, மனைவியின் தட்டையே சுழலவிட்டார்.

பாட்டு இழுத்துக்கொண்டு வந்தது. தம்புரா, வயலின், குரல் எல்லாமே கீழே இறங்கி, யாரோ ஒரு பெரிய மனுஷி நிதானமாகப் பாடுவதுபோல இருந்தது.

நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றவேண்டிய தட்டை அப்பா முப்பத்துமூன்றில் போட்டுவிட்டார். வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, வேகத்தை மாற்ற வெங்கிடேஷ் கையை நீட்டினான்.

"மாத்த வேண்டாம்டா" என்றாள் சாவித்ரி, சமையலறை வாசலில் நின்றபடி. "இது எனக்கு எட்டறது."

சேனை நறுக்கிய கையோடு வந்து உட்கார்ந்தாள். தட்டோடு சேர்ந்து பாடினாள். உயரமான இடம் வந்தபோது ஏறினாள். ஏறிய இடத்தில் நின்றாள். வெங்கிடேஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். ஸ்ரீகண்டன் வேகத்தைத் தொடவே இல்லை. ஊசியை மட்டும் தூக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

அப்போதுதான் வெங்கிடேஷுக்கு உறைத்தது. ரேடியோ ஸ்டேஷனில் சேர்ந்ததிலிருந்து ரிடையராகும்வரை தட்டு போடுவதுதான் அப்பாவின் உத்தியோகம். ஒருநாள்கூட அவருக்கு வேகம் தப்பியதில்லை.