முதல் சுற்று

பலாங்கொடைக் கார்னிவல் திடலில் புதிதாக நட்ட ராட்டினத்தைச் சோதிக்க எஞ்சினியர் வரவில்லை. அவருக்கு வேறு ஜோலியாம். அவருடைய கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் கிளாக்கர் அம்பலவாணரை அனுப்பிவிட்டார்கள். இங்கிலீசைப் பிழையில்லாமல் எழுதுவார் என்பதுதான் அவருடைய தகுதி. நாலு மணிக்குத் தேயிலைத் தோட்டத் துரைமார் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். அதற்குள் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும்.

வேலியோரம் தோட்டத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராட்டினக்காரன் விரட்டினான்.

"தொரைங்க ஏறி எறங்கட்டும். ஒங்களுக்கெல்லாம் அப்பறந்தான்."

"விடும். முதல்ல இவையளே ஏறட்டும்," என்றார் அம்பலவாணர்.

ராட்டினக்காரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு வழிவிட்டான்.

அவர்களில் அங்காயி என்பவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். "நீங்களும் வாங்கய்யா, எடமிருக்கு."

"எனக்குத் தலை சுத்தும், பிள்ளை. நீங்கள் போங்கோ."

பன்னிரண்டு பேருக்கும் மூன்று சுற்று. உச்சிக்குப் போனபோது அவர்கள் சிரித்த சிரிப்பு கடைத்தெரு வரைக்கும் கேட்டது. அம்பலவாணர் எட்டவே நின்று அச்சாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் அங்காயி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"தொரைமாருக்கு முன்னால எங்கள ஏத்துன மொத ஆளு நீங்கதான்யா. நல்லா இருக்கணும்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சான்றிதழ்த் தாளை விரித்து மளமளவென்று நிரப்பினார். கடைசிக் கேள்வியில் மட்டும் கை கூசி நின்றது.

'ஆட்களை ஏற்றுமுன் எத்தனை மணல் மூட்டைகளை ஏற்றிச் சுற்றிப் பார்த்தீர்?'

பன்னிரண்டு என்று எழுதினார்.