மறுபடி சொருகியபோது

"கையை நீட்டும்மா" என்றான் பரணிதரன்.

நீட்டினாள். அவள் ஆட்காட்டி விரலில் சென்சார் கிளிப்பை மாட்டினான்.

திரை விழித்தது. ஆக்சிஜன் 98. நாடித் துடிப்பு 112.

"எங்க இன்ஜினியர் கொஞ்சம் டென்ஷன்ல இருக்காங்க" என்று டெமோ பார்க்க வந்து மேசைக்கு எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்காரர்களைப் பார்த்துச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள்.

டென்ஷன் இல்லை. கோபம்.

காலையில் மூண்டது. இன்னும் அடங்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

பச்சைக் குழந்தைகளின் வார்டுக்கான மானிட்டர் அது. குழந்தையின் பாதத்தில் சுற்றும் சென்சாரை வயர் வழியாகப் பெட்டியில் சொருக வேண்டும். சொருகியதும் சென்சாரை அடையாளம் கண்டு எழுப்பும் டிரைவர் நிரலை எழுதியவள் அவள். பரணிதரன் அவளுடைய மேனேஜர்.

பெட்டியை ஆன் செய்யும் நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் நிரல்கள் உண்டு. அவற்றின் வேலை முடிந்ததும், பெட்டியை இயக்கும் மைய நிரலான கர்னல் துடைத்துப் போட்டுவிடும். அந்த இடம் வேறு வேலைக்கு ஆகும். கல்யாணம் முடிந்ததும் பந்தலைப் பிரிப்பது போலத்தான். தப்பில்லை.

சென்சார் அப்படியல்ல. எப்போது கழற்றுவார்கள், எப்போது சொருகுவார்கள் என்று சொல்ல முடியாது. அதை எழுப்பும் நிரல் பெட்டி அணையும்வரை இருந்தாக வேண்டும்.

இருக்கும்படிதான் அவள் எழுதியிருந்தாள்.

மெமரி போதவில்லை என்று பரணிதரன் அதன் தலையில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தான். முதல் வேலை முடிந்ததும் துடைத்துவிடு என்று கர்னலுக்குச் சொல்லும் சொல். அதன்பின் கழற்றிச் சொருகினால் சென்சாரை எழுப்ப நிரல் இருக்காது.

அவளைக் கேட்கவில்லை. காலையில் வேறு எதையோ தேடப் போய்த்தான் அவள் கண்ணில் பட்டது.

சோதனைக்கென்று இரண்டு பெட்டிகள் அந்தச் சொல்லோடு ஏற்கெனவே வார்டுக்குப் போய்விட்டன.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யச் சொன்னாள். கத்தித்தான் சொன்னாள்.

அவன் டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். "ஆன் பண்றப்பவே சொருகித்தான இருக்கும்? எவன் கழட்டப் போறான்? டெமோ முடியட்டும்."

அவள் அந்த வார்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தவள். பால் கொடுக்கத் தூக்கினால் வயரைக் கழற்றுவார்கள். துணி மாற்றினால் கழற்றுவார்கள். கழற்றுவதும் சொருகுவதும்தான் அங்கே ஓயாத வேலை.

எவன் கழட்டப் போறான்.

எதிரே டாக்டர் ஹெப்சிபா இருந்தார். அந்த வார்டின் தலைமை மருத்துவர். வந்ததிலிருந்து அதிகம் பேசாதவர், இப்போது கேட்டார்.

"பெட்டி ஓடிட்டிருக்கும்போதே வயரைக் கழட்டிட்டு மறுபடி சொருகலாமா?"

"தாராளமா மேடம்" என்றான் பரணிதரன். "எத்தனை தடவை வேணும்னாலும்."

சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை.

அவள் எழுந்தாள்.

அவள் கை பெட்டியின் பக்கவாட்டுக்குப் போனது. கிளிப்பின் வயரைப் பிடுங்கினாள்.

பிடுங்கியதும் எண்கள் மறையாது. கொஞ்ச நேரம் கடைசி அளவைக் காட்டிவிட்டுத்தான் வெறும் கோடாகும்.

கோடாகும் முன்பே மறுபடி சொருகினாள்.

திரை ஒருமுறை துடித்தது. பிறகு அசையவில்லை.

98. 112.

"பாத்தீங்களா மேடம்" என்றான் பரணிதரன். அவன் நெற்றி மினுங்கியது. "வேலை செய்யுது. நீ உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள். எதிரே ஆறிப்போன தேநீர் இருந்தது. அந்தக் காகிதக் கப்பின் விளிம்பில் கிளிப்பைக் கவ்வ விட்டாள்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

98. 112.



பரணிதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேபிள் என்றான். லூஸ் என்றான். அவன் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"மேடம், உங்க வார்டுல இருக்கிற ரெண்டு பெட்டியும் இப்படித்தான். கழட்டிச் சொருகினா பழைய நம்பர்லயே உறைஞ்சு நின்னுடும்" என்றாள் அவள்.

டாக்டர் ஹெப்சிபா எழுந்தார். கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தார். அவசரத்தில் ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது.

வார்டு நர்ஸின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சொல்லுங்க மேடம். எல்லாம் நல்லாருக்கு. இப்பத்தான் பால் குடுத்துப் படுக்க வெச்சோம். தொண்ணூத்தாறு காட்டுது."

"திரையைப் பார்க்காதீங்க சிஸ்டர்" என்றார் ஹெப்சிபா. "குழந்தையைப் பாருங்க."

மறுமுனையில் போனை மேசைமேல் வைக்கும் சத்தம்.

பிறகு செருப்புச் சத்தம். முதலில் நடை. பிறகு ஓட்டம்.