திருத்த ஏலாத பிழை

"கடலுக்கடியில சுழியோடுறது பற்றின இந்தப் புத்தகம் போன மாசம் யார் எடுத்தது?" துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார் கடற்படை அதிகாரி.

நூலகர் திலகேஸ்வரி கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். புத்தகம் திரும்பி வந்த திகதி இருந்தது. எடுத்தவரின் பெயர் மட்டும் இல்லை.

"இணையத்தில சும்மா கிடைச்ச மென்பொருள் ஐயா. புத்தகம் வந்த உடன எடுத்த ஆளின்ர பேரை அழிச்சுப்போடுது."

"காசு குடுத்து நல்லது வாங்குங்க!" உறுமிவிட்டு வெளியேறினார் அதிகாரி.

உதவி நூலகர் சரீப் மேசைக்கு ஓடி வந்தார். "மிஸ், அந்த மனிசன் திரும்பி வருவான். இதைச் செய்த வெளிநாட்டு ஆக்களுக்கு எழுதி, பிழையைத் திருத்தச் சொல்லுவம்."

"என்ன பிழை? ஆரும் திறந்து மாத்தலாம் எண்டுதானே அதைச் சும்மா விட்டிருக்கினம். பேரை அழிக்கிற வரியளை நான்தான் எழுதிச் சேர்த்தனான்."

சரீப் வாசலைப் பார்த்தார். "ஐயோ மிஸ், வெளியில தெரிஞ்சா?"

"தெரியட்டும். அந்த வெளிநாட்டு ஆக்களுக்கும் அனுப்பிட்டன். அவை ஏற்றுக்கொண்டிட்டினம்; இதைப் பாவிக்கிற எல்லா நூலகத்துக்கும் போகுதாம். இனிக் கிண்ணியாவிலயும் மூதூரிலயும் வாசிச்ச ஆக்களின்ர பேர் நிக்காது."

திலகேஸ்வரி புத்தகத்தை எடுத்து, பழையபடி அலுமாரியில் முன்வரிசையில் வைத்தார்.

"அந்த வரியளுக்கு மேல, எழுதின ஆள் எண்டு ஒரேயொரு பேர்தான் நிக்கும், சரீப். அது என்ர பேர்."