துணைக்கு வந்தவர்

"நிம்மதியோட விலை பதினோராயிரம் ரூபாய். அதுவும் ஒரு தோளுக்கு!" என்று தமிழில் முணுமுணுத்தார் சிவஞானம். பக்கத்தில் நின்றவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அக்கி வராமல் தடுக்கிற ஊசியின் விலை அது. கரோல் பாகில் முப்பத்தெட்டு வருஷம் புடவை விற்றவருக்கு, எழுதிய விலையை எழுதியபடி கொடுத்துப் பழக்கமில்லை.

"ரெண்டா எடுக்கறோம் பையா, பாத்துப் போடு," என்றார் இந்தியில்.

"போன வாரமே சொன்னேன் அங்கிள். இது ஊசி, புடவை இல்லை," என்றான் கவுண்டர்காரன்.

போன செவ்வாய்க்கிழமை அவரைத் திருப்பி அனுப்பியவனும் அவன்தான். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும் பெரிய வியாதிக்காரர்களுக்கும் துணை இல்லாமல் ஊசி போட மாட்டார்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் துவாரகா கிளினிக்கின் சட்டம் அப்படி.

மனைவி லதா இருந்தவரை அந்த நாற்காலியைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. எந்த ஊசியை எப்போது போட வேண்டும் என்று டொரொண்டோவிலிருந்து மகன் அர்விந்த் பட்டியல் அனுப்பியிருந்தான். லதாவை அக்கி இருபது நாள் தூங்கவிடாமல் வதைத்ததைக் கூட இருந்து பார்த்தவர் என்பதால்தான், இந்த விலைக்கும் அவருடைய பர்ஸ் திறந்தது.

இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்ட கவுண்டர்காரன், அவளைப் பார்த்து மோவாயை ஆட்டினான். "மகளா?"

"வேற யாரு இருக்கா?" என்றார் சிவஞானம்.

"அவங்களும் பேஷண்ட், நீங்களும் பேஷண்ட். இதுல யாருக்கு யார் துணை?"

"மாத்தி மாத்தி. மொதல்ல எனக்குப் போடுங்க, அரை மணி ஆனதும் அவங்களுக்கு. உங்க நாற்காலி ஒண்ணும் தேஞ்சு போகாது."

வயதில் சின்னவர்களையும் 'வாங்க, போங்க' என்பது கடை நாளைய வாய்ப்பழக்கம். கடையை விற்ற பிறகும் அது அவரைவிட்டுப் போகவில்லை.

டோக்கன் எண் மட்டும் போட்டிருந்த தாள்களில், 'துணைக்கு வந்தவர்' என்ற கட்டத்தில், அவருடையதில் அவளும், அவளுடையதில் அவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் போட்டதைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கோழி கிறுக்கியது போல இருந்தது, ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

"டோக்கன் பதினாலு!" என்று நர்ஸ் வந்தாள். "பாப்பாஜிக்கு அலர்ஜி ஏதாவது உண்டா?" என்று அவரைக் காட்டி அவளைக் கேட்டாள்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "இருக்காப்பா?"

"விலையைப் பாத்தா அரிக்குது. மத்தபடி ஒண்ணுமில்ல."

அவருக்கு ஊசி போட்டாயிற்று. சுவர்க் கடிகாரத்தின் கீழே இருவரும் உட்கார்ந்தார்கள். 

"ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடறதுன்னு இன்னும் கை வரல," என்றார் அவர். "தெனமும் மிஞ்சுது."

"எனக்கும் மிஞ்சும். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் பூனைங்க எல்லாம் என் சாப்பாட்டுலதான் கொழுத்துப் போச்சு."

அவர் சிரித்தார். தோள் வலித்தது. அரை மணி நேரம் என்பது இவ்வளவு சின்னதா என்று கடிகாரத்தின் மேல் சந்தேகமாக இருந்தது.

"பதினஞ்சு!"

சிவஞானம் எழுந்து குறுக்கே நின்றார். "சிஸ்டர், இவங்க கிட்னி மாத்தினவங்க. எதிர்ப்பு சக்தியை அடக்க மாத்திரை சாப்பிடறாங்க. உயிருள்ள கிருமி இருக்கற ஊசி இவங்களுக்கு ஆகாது. இதுல அது இருக்கா?"

"இல்ல பாப்பாஜி. இதுல உயிருள்ள கிருமி கிடையாது. அதனாலதான் இவங்க டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்."

"எதுக்கும் டப்பாவைக் காட்டுங்க."

ஜரிகையைச் சோதிப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்து, பெயர், தேதி எல்லாம் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். 

"இப்படி ஒரு அப்பா கிடைக்கணும்," என்றாள் நர்ஸ். 

அவள் குனிந்து, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டாள்.

இன்னோர் அரை மணியும் போனது. நர்ஸ் அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். "இவங்க மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரெண்டாவது டோஸ் ஒண்ணுலேருந்து ரெண்டு மாசத்துக்குள்ள. உங்களுக்கு ரெண்டுலேருந்து ஆறு மாசத்துக்குள்ள. வேற வேற தேதி போடட்டுமா?"

சிவஞானத்துக்குக் கடையில் உட்கார்ந்திருப்பது போல் முதுகு நிமிர்ந்தது. "அவங்க ரெண்டு வரைக்கும் ஏறி வராங்க, நான் ரெண்டு வரைக்கும் எறங்கி வரேன். ரெண்டு மாசத்துல முடிச்சுக்கலாம். ஒரே தேதியா போடுங்க."

நர்ஸ் சிரித்துக்கொண்டே இரண்டு அட்டையிலும் ஒரே தேதியை எழுதினாள். அன்றைக்கு அவர் பேசிய பேரத்தில் படிந்தது அது ஒன்றுதான்.

மெட்ரோ படிக்கட்டு வரைக்கும் கூடவே நடந்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது. அவள் மெட்ரோ கார்டைக் கையில் எடுத்தாள். ஆனால் படி ஏறவில்லை.

"போன வாரம் ரெண்டு பேரும் துணை இல்லாம திரும்பினப்போ இந்தப் படியில பேசினது, ஒரு கையெழுத்துக்கு ஒரு கையெழுத்து. அந்தக் கணக்கு நேர்," என்றார் சிவஞானம். அட்டையைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி. உங்க பேரு என்னம்மா?"