விடுபட்ட கோப்பை

றிஸ்மியாவின் உம்மாவுக்கு மறதி கூடிவிட்டது. யாருக்கு எப்படித் தேத்தண்ணி ஊற்றுவது என்று உம்மாவின் போனிலுள்ள குறிப்புச் செயலி காட்டட்டுமே என, றிஸ்மியா அதற்கொரு பிளக்கின், சின்ன இணைப்பு நிரல், எழுதினாள். எழுதிய ஃபங்ஷனல் நிரல்மொழி அவளுக்குப் புதிது. பட்டியலில் ஒருவரை விட்டுவிட்டாலும் ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மொழி.

உம்மா, யட்டவத்தையில் கடை வைத்திருக்கும் தன் புருஷன் அன்ஸார், தான் என மூன்று பேரை எழுதினாள்.

'ஒருவர் விடுபட்டுள்ளார்: வாப்பா' என்றது திரை.

வாப்பா சீனி வருத்தத்தில், அந்த நீரிழிவு நோயில், மௌத்தாகி அடக்கம் செய்து ஒரு வருடமாகிறது. அவரை அவள் எங்கும் எழுதவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அதே பதில். நேற்றும் உம்மா அன்ஸாரின் தேத்தண்ணியில் உப்பைப் போட்டிருந்தார். வேறு வழியில்லாமல், 'வாப்பா: சீனி இல்லை' என்று சேர்த்தாள். உடனே ஓடியது.

அஸர் தொழுதுவிட்டு உம்மா போனைப் பார்த்துப் பார்த்து ஊற்றினார். நாலாவது கோப்பையில் இரண்டு கரண்டி சீனி விழுந்தது.

"உம்மா, வாப்பாக்குச் சீனி இல்லையே."

"இதுல ரெண்டு கரண்டின்னு இருக்கே, மகள்."

றிஸ்மியா போனை வாங்கிப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது.

"வாப்பாட வருத்தம் சொகமாகிட்டுப் போல" என்ற உம்மா, ஆறிவிடாமல் அந்தக் கோப்பையை மூடிவைத்தார்.