சாப்பாட்டு மேசையில் மூன்றாவது நாற்காலி

நிறுவனம் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது என்று நீதிமன்றம் அதை இரண்டாகப் பிரித்தபோது, அங்கே வேலை பார்த்த பிரமிளா ஒரு பாதிக்கும் அவள் கணவன் ஜெயசீலன் மறு பாதிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இனி இருவரும் போட்டியாளர்கள். வீட்டில்கூட ரகசியம் கைமாறக் கூடாதென்று, நீதிமன்றக் கண்காணிப்பாளர் வைகுண்டம் தினமும் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தார். ஒருவர் சொல்ல வந்ததை முதலில் அவரிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அதுவரை மற்றவர் காதில் ஹெட்போன். ரசத்தில் உப்பில்லை என்று சொல்வதற்கே நேற்று பத்து நிமிடம் ஆயிற்று.

இன்று ஜெயசீலன் ஹெட்போனோடு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்க, பிரமிளா வைகுண்டத்தின் பக்கம் சாய்ந்தாள்.

"சார், நான் மாசமா இருக்கேன். அவர்கிட்ட சொல்லணும்."

வைகுண்டம் தீர்ப்பைப் புரட்டினார். "ரெண்டு தரப்பும் சேர்ந்து புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கேம்மா."

"தீர்ப்பு வந்து ஒரு மாசம்தான் சார் ஆவுது. இது மூணு மாசம்."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஜெயசீலனின் ஹெட்போனைத் தானே பிடுங்கி, "தம்பி, நீங்க அப்பாவாகப் போறீங்க!" என்று கத்தினார்.

பிரமிளா கரண்டியை ணங்கென்று மேசையில் வைத்தாள். இதைச் சொல்வதற்குக் காலையிலிருந்து ஒத்திகை பார்த்தவள் அவள்.

வைகுண்டம் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு தன் கண்காணிப்பு நோட்டை எடுத்து, 'ரகசியத்தைக் கசியவிட்டவர்' என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினார்.